எல்டர்பெர்ரியும் தொண்டை வலியும்: ஆய்வுகள் அளந்தது ஒன்று, நாம் கேட்பது வேறொன்று

எச்சில் விழுங்கினாலே முள் குத்துகிற மாதிரி இருக்கும் நாளில் இணையத்தைத் திறந்து தேடினால், சீக்கிரமே எல்டர்பெர்ரி என்ற பழத்தின் பெயர் கண்ணில் படும். கருஊதா நிறச் சிரப், சப்பும் மிட்டாய், கம்மி, கேப்ஸ்யூல், தேநீர்ப் பொட்டலம் என்று எல்லா வடிவத்திலும் விற்கிறார்கள். வைரஸை எதிர்க்கும், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும், ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது என்றெல்லாம் அட்டையில் எழுதியிருக்கும். ஆய்வுகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றை எடுத்துப் படித்தால் ஒரு விஷயம் உறுத்தும். அவை பார்த்தது ஃப்ளூ காய்ச்சல் எத்தனை நாளில் விட்டது, சளி எத்தனை நாள் நீடித்தது என்பதைத்தான். காய்ச்சல், உடம்பு வலி, இருமல், மூக்கடைப்பு என்ற நீண்ட பட்டியலில் தொண்டை வலியும் ஓரமாக ஓர் இடம் பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் சூடாக ஒரு டம்ளர் எல்டர்பெர்ரி குடித்ததும் தொண்டை இதமாகிறதே, அது பொய்யா? பொய் இல்லை. அந்த இதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் தொண்டை வலியைப் பற்றிக் கொஞ்சம். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. சாதாரணச் சளியைக் கொண்டுவரும் அதே வைரஸ்கள்தான் தொண்டையின் உட்சவ்வை வீங்கவைத்து, சிவக்கவைத்து, நரம்பு முனைகளைக் கூச்சப்பட வைக்கின்றன. சிறு பங்கு மட்டும் பாக்டீரியாவால் வரும். அதில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ். மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஸ்ட்ரெப்’ என்பார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரையும், குழந்தைகளில் 20 முதல் 30 பேர் வரையும் இந்த வகையில் அடங்குவார்கள் என்பது பொதுவான கணக்கு.

இன்னொரு கணக்கும் முக்கியம். தொண்டை வலிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒன்றாக எடுத்துப் பார்த்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு மூன்றாம் நாளிலேயே தொண்டை வலி போய்விட்டது. ஒரு வாரத்துக்குள் 82 சதவீதம் பேர் சரியாகிவிட்டார்கள். வலி உச்சத்தில் இருக்கும் இரண்டாம் நாள்தான் நாம் வைத்தியம் தேடுவோம். அன்று எதைச் சாப்பிட்டாலும் நான்காம் நாள் ‘கேட்டுவிட்டது’ போலத்தான் தெரியும். எல்டர்பெர்ரிக்கு மட்டுமல்ல, தொண்டைக்கென்று சொல்லப்படும் எல்லாக் கைவைத்தியத்துக்கும் பேர் வாங்கிக் கொடுப்பது இந்த இயல்பான குணமாதல்தான்.

எல்டர் என்பது புதர் போலவும் சிறு மரம் போலவும் வளரும் செடி. ஐரோப்பாவில் வளரும் இனத்தின் தாவரப் பெயர் சம்புகஸ் நைக்ரா. வட அமெரிக்காவில் அதன் நெருங்கிய உறவான சம்புகஸ் கனடென்சிஸ். கோடையின் தொடக்கத்தில் குடை விரித்த மாதிரி வெண்ணிறப் பூங்கொத்துகள் வரும். கோடை முடியும்போது அதே கொத்துகள் மிளகு அளவுக் கறுத்த பழங்களின் கனத்தில் தொங்கும். ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் இந்தச் செடிக்குப் பெரிய மரியாதை இருந்தது. டென்மார்க்கில், மரத்துக்குள் ‘எல்டர் அன்னை’ குடியிருக்கிறாள், அவளிடம் கேட்காமல் கிளையை வெட்டக் கூடாது என்ற நம்பிக்கை உண்டு. மார்ட்டின் ப்ளோக்விட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி 1631ல் வெளியான ‘அனடோமியா சம்புசி’ என்ற லத்தீன் நூல் முழுக்க முழுக்க இந்த ஒரே மரத்தின் மருத்துவப் பயன்களைப் பற்றியது. பழச்சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சி வைத்துக்கொள்ளும் பாகுக்கு ‘ராப்’ என்று பெயர். சளி, தொண்டைக் கட்டு என்று வந்தால் அதில் கொஞ்சம் எடுத்து வெந்நீரில் கரைத்துக் குடிப்பார்கள். இந்த ‘வெந்நீரில்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூவும் பழமும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு எல்டர் பூவை, சளியின் ஆரம்ப அறிகுறிகளுக்கான பாரம்பரிய மருந்தாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நீண்ட காலப் புழக்கத்தை வைத்துத் தரும் அங்கீகாரம் அது. ஆய்வால் நிரூபணமானது என்ற சான்றிதழ் அல்ல. பழத்துக்கோ அந்த அளவு அங்கீகாரம்கூடக் கிடைக்கவில்லை. கடையில் பேர் எடுத்தது பழம், அதிகாரபூர்வத் தாளில் இடம் பிடித்தது பூ. வேடிக்கைதான்.

சரி, ஆய்வுகளுக்கு வருவோம். 1990களில் இஸ்ரேலிய வைரஸ் ஆராய்ச்சியாளர்கள் எல்டர்பெர்ரிச் சாற்றிலிருந்து ஒரு சிரப்பை உருவாக்கி, ஃப்ளூ பரவியிருந்த ஒரு கிப்புட்ஸில், அதாவது எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழும் ஒரு கூட்டுக் குடியிருப்பில், சோதித்துப் பார்த்தார்கள். நல்ல பலன் என்று 1995ல் அறிவித்தார்கள். அடுத்தது நார்வேயில் நடந்து 2004ல் வெளியான ஆய்வு. ஃப்ளூ அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் வந்த 60 பேருக்கு 15 மில்லி வீதம் ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஐந்து நாட்கள் கொடுத்தார்கள். சிரப் குடித்தவர்கள் வெற்றுச் சிரப் குடித்தவர்களைவிடச் சராசரியாக நான்கு நாள் முன்னதாகத் தேறினார்கள். இன்றுவரை விளம்பரங்களில் சுற்றிக்கொண்டிருப்பது இந்த ‘நான்கு நாள்’தான். 60 பேர் என்ற எண்ணிக்கை மட்டும் விளம்பரத்தில் வராது.

2016ல் ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி யோசித்தார்கள். நீண்ட தூர விமானப் பயணம் போகும் 312 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு எல்டர்பெர்ரி, பாதிப் பேருக்கு வெற்று மருந்து. எல்டர்பெர்ரி எடுத்தவர்களில் 12 பேருக்கும் மற்றவர்களில் 17 பேருக்கும் சளி பிடித்தது. இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்றே ஒதுக்க வேண்டும். ஆனால் சளி பிடித்தவர்கள் அவதிப்பட்ட மொத்த நாட்களைக் கூட்டினால் ஒரு பக்கம் 57, மறுபக்கம் 117. இது கவனிக்க வேண்டிய வித்தியாசம். கவனிக்க வேண்டிய இன்னொன்று, அவர்கள் எடுத்தது கேப்ஸ்யூல். அதாவது பழத்தின் சாரம் தொண்டையைத் தொடவே இல்லை, நேராக வயிற்றுக்குப் போனது. அந்த ஆய்வை ஆதாரம் காட்டித் தொண்டைக்கான சிரப்பை விற்பதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2020ல் வெளியான அமெரிக்க ஆய்வு. கிளீவ்லேண்ட் கிளினிக்கின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்து, பரிசோதனையில் ஃப்ளூ என்று உறுதியான 87 பேர் இதில் இருந்தார்கள். ஐந்து வயதுக் குழந்தைகளிலிருந்து பெரியவர்கள் வரை. எல்டர்பெர்ரிக் குழுவுக்கு அறிகுறிகள் அடங்க ஆன சராசரி நாட்கள் 5.3, வெற்று மருந்துக் குழுவுக்கு 4.9. ஒரு பலனும் இல்லை. வைரஸ் மருந்தான ஓசெல்டாமிவிர் எடுக்காதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, எல்டர்பெர்ரி குடித்தவர்களுக்கு இரண்டு நாள் கூடுதலாகவே ஆகியிருந்தது. பின்னால் பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால், எல்டர்பெர்ரி கெடுதல் செய்கிறது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் நார்வே ஆய்வைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு இதை மட்டும் மறந்துவிடுவதும் நேர்மை இல்லை. சிறிய ஆய்வுகள் ஆரம்பத்தில் பளிச்சென்று பலன் காட்டுவதும், கவனமாகத் திரும்பச் செய்யும்போது அது கரைந்துபோவதும் மருத்துவ ஆராய்ச்சியில் அடிக்கடி நடப்பதுதான்.

‘ஆனால் சோதனைக் கூடத்தில் கிருமியைக் கொன்றதே?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் தொண்டைக்கு மிக அருகில் வரும் ஆய்வு அதுதான். 2011ல் ஜெர்மனியில் ஓர் அணி, எல்டர்பெர்ரிச் சாரத்தை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் உள்ளிட்ட சுவாசப் பாதை பாக்டீரியாக்கள் வளரும் திரவத்தில் கலந்து பார்த்தது. கிருமிகளின் வளர்ச்சி நன்றாகவே அடங்கியது. இன்ஃப்ளூயன்சா வைரஸும் மட்டுப்பட்டது. ஆனால் எவ்வளவு கலந்தார்கள்? 10 சதவீதம், 20 சதவீதம் என்ற அளவில். சோதனைக் குழாயில் கிருமிக்கு ஓடி ஒளிய இடம் கிடையாது. மணிக்கணக்கில் அந்தச் சாரத்திலேயே ஊறிக் கிடக்கும். நம் தொண்டையில் ஒரு மடக்குச் சிரப் நிற்பது சில நொடிகள். அதற்குள் எச்சில் அதைக் கழுவிவிடும். கிருமிகளோ டான்சிலின் பள்ளங்களுக்குள்ளும் திசுக்களுக்குள்ளும் பத்திரமாக இருக்கும். சரி, குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தம் வழியாகத் திரும்பி வராதா என்றால், இந்தப் பழத்துக்குக் கருஊதா நிறம் தரும் ஆந்தோசயனின்கள் மிகக் குறைந்த அளவே முழுசாக இரத்தத்துக்குள் போகின்றன.

இனி அந்த வெந்நீருக்கு வருவோம். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளிக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருந்தது. அங்கே 2008ல் எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். சளியோடு இருந்த 30 பேருக்கு ஆப்பிளும் பிளாக்கரண்ட்டும் கலந்த பழச்சாறு. கடையில் கிடைக்கும் சாதாரணப் பானம். அதையே சூடாகவும், அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறிய பானமும் மூக்கொழுகலையும் இருமலையும் தும்மலையும் கொஞ்சம் குறைத்தது. ஆனால் தொண்டை வலியும் குளிர் நடுக்கமும் களைப்பும் குறைந்தது சூடான பானத்தில் மட்டும்தான். குடித்த உடனேயே இதம் தெரிந்தது, கொஞ்ச நேரம் நின்றது. எல்டர்பெர்ரி அதில் ஒரு சொட்டுகூட இல்லை. இனிப்பும் புளிப்பும் எச்சிலை ஊறவைக்கின்றன, ஊறிய எச்சில் காய்ந்துபோன சவ்வை நனைக்கிறது, அதோடு சூட்டின் இதமும் சேர்கிறது. தேன் சேர்த்த கெட்டிச் சிரப் என்றால் தொண்டையில் மெல்லிய பூச்சாகவும் படியும்.

எல்டர்பெர்ரிச் சிரப்பிலும் இவை எல்லாமே இருக்கின்றன: இனிப்பு, புளிப்பு, கெட்டித்தன்மை, சூடு. அதனால் அது தொண்டைக்கு இதம் தருகிறது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்த இதத்துக்குக் காரணம் எல்டர் என்ற மூலிகையின் தனிக்குணம் என்ற இரண்டாவது பாதிதான் ஆதாரம் இல்லாமல் நிற்கிறது. கேப்ஸ்யூலாக விழுங்கினால் இந்த இதமும் போய்விடும். தொண்டைக்காகத்தான் என்றால், எல்டர்பெர்ரியின் உருப்படியான வடிவம் சூடான பானம்தான். அடுத்து, மெதுவாகச் சப்புகிற மிட்டாய்.

இதுவரை பலனைப் பற்றிப் பேசினோம். ஆபத்தைப் பற்றிப் பேசும்போது மூலிகைப் பிரியர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம்; எல்டர் விஷயத்தில் அது கூடாது. இந்தச் செடியின் இலை, தண்டு, பட்டை, வேர், காய், விதை இவற்றில் சம்புநிக்ரின் என்ற பொருள் இருக்கிறது. திசு நசுங்கும்போது நொதியோடு சேர்ந்து உடைந்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும். குடலைப் புரட்டும் லெக்டின் புரதங்களும் கூடவே உண்டு. 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரே மாவட்டத்தில், எளிதில் போய்ச்சேர முடியாத ஓரிடத்தில் 25 பேர் கூடியிருந்தார்கள். இரண்டு நாள் முன்னால் பறித்த காட்டு எல்டர்பெர்ரிகளை இலையும் கிளையுமாக அழுத்திப் பிழிந்து, ஆப்பிள் சாறும் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து பரிமாறினார்கள். காய்ச்சவில்லை. குடித்த கால் மணி நேரத்துக்குள் பலருக்கு வாந்தி, வயிற்று வலி, தலைசுற்றல். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை 1984ல் பதிவு செய்தது.

இந்தச் சம்பவத்தில் எல்லாத் தவறும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது: இலையும் காம்பும் கலந்தது, நசுக்கியது, பச்சையாகக் குடித்தது. வீட்டில் செய்பவர்கள் இதைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டாலே போதும். நன்றாகக் கறுத்துப் பழுத்த பழங்களை மட்டும் காம்பிலிருந்து முள்கரண்டியால் உதிர்த்துக்கொள்ள வேண்டும். பச்சையோ சிவப்போ தெரிந்தால் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். விரல் நுனியெல்லாம் ஊதாவாகும், துணியில் பட்டால் லேசில் போகாது. அப்புறம் தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் காய்ச்ச வேண்டும். மூடி போடாமல் காய்ச்சுவது நல்லது. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரிதான். ஆவியாகிப் போக வழி விட்டால் போய்விடும். வடிகட்டும்போது விதைகள் துணியிலேயே நிற்கட்டும். தேன் சேர்ப்பதாக இருந்தால் சூடு தணிந்த பிறகு. இப்படிச் செய்த சிரப்பைக் குளிர்பெட்டியில் வைத்து ஒன்றிரண்டு வாரத்தில் தீர்த்துவிட வேண்டும். எல்டர்பெர்ரி பார்க்கப் புளிப்புப் பழம் போல இருந்தாலும் அமிலத்தன்மை போதாதது. பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வெளியே வைத்தால் போட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நச்சு நோயைத் தரும் கிருமிக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

காட்டில் பார்த்த செடியை எல்டர் என்று அடையாளம் கண்டுகொண்டேன் என்ற தன்னம்பிக்கையும் வேண்டாம். குட்டை எல்டர் எனப்படும் சம்புகஸ் எபுலஸ் பார்க்கக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும், நச்சுத்தன்மை கூடியது.

யார் தவிர்க்க வேண்டும்? ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது பாதுகாப்பானது என்று சொல்லும் அளவுக்குத் தரவு இல்லை. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ‘எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்’ என்று விற்கப்படும் பொருள் அவர்களுக்கு வேண்டாத வேலை. நீரிழிவு உள்ளவர்கள் சிரப்பில் உள்ள சர்க்கரையைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைச் சரக்கைப் பொறுத்தவரை, பல நாடுகளில் இது துணை உணவு (சப்ளிமென்ட்) என்ற பெயரில் விற்கப்படுவதால் மருந்துக்குரிய சோதனைகளைத் தாண்டி வருவதில்லை. தேவை கூடும்போது கலப்படமும் வரும். எல்டர்பெர்ரிச் சாரம் என்ற பெயரில் கறுப்பு அரிசியின் சாரத்தைக் கலந்து விற்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது; இரண்டுக்கும் நிறம் தருவது ஆந்தோசயனின்தான் என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. துத்தநாகம், வைட்டமின் சி, எக்கினேசியா என்ற மூலிகை எல்லாவற்றையும் ஒரே மிட்டாயில் அடைத்துத் தருவதும் உண்டு. அதில் குணம் தெரிந்தால் பாராட்டு யாருக்கு என்பதே தெரியாது. 2020 மார்ச்சில் அமெரிக்க அரசு அமைப்புகள் கொரோனாவைக் குணமாக்கும் என்று சொல்லி விற்ற ஏழு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியபோது, அந்தப் பொருள்களின் பட்டியலில் எல்டர்பெர்ரி டிங்சரும் (ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு) இருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகும், சாதாரணச் சளித் தொண்டைக்கு நன்றாகக் காய்ச்சிய எல்டர்பெர்ரியைச் சூடாகக் குடிப்பதில் ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு தடையும் இல்லை என்பதே என் கருத்து. எனக்குக் கவலை தருவது அந்த டம்ளர் இல்லை, அதைக் குடித்துக்கொண்டே தள்ளிப்போடும் நாட்கள். ஸ்ட்ரெப் தொண்டைக்குச் சில அடையாளங்கள் உண்டு. இருமலும் மூக்கொழுகலும் இருக்காது, காய்ச்சல் இருக்கும், கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலிக்கும், டான்சிலில் வெள்ளையாகச் சீழ்த் திட்டுகள் தெரியும். இவற்றில் மூன்றோ நான்கோ சேர்ந்திருந்தால் பரிசோதனை அவசியம். கண்டுகொள்ளாமல் விட்ட ஸ்ட்ரெப், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, பின்னால் ருமாட்டிக் காய்ச்சலாக வந்து இதய வால்வுகளைக் கெடுக்கலாம். வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் பென்சிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் அதைத் தடுத்துவிட முடியும். எந்தப் பழச் சிரப்பாலும் முடியாத வேலை அது.

வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போவது, மூச்சு விடும்போது இரைச்சல் வருவது, குரல் அடைத்துக் கனத்துப்போவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு வாரம் தாண்டியும் விடாத தொண்டை வலிக்கும், மூன்று வாரம் ஆகியும் தெளியாத குரலுக்கும் மருத்துவர் ஒருமுறை உள்ளே பார்த்தாக வேண்டும்.